ரசீதில் இல்லாதது

ஈசூனில்,
முடிதிருத்தும் கடைக்கும் செல்லப்பிராணிக் கடைக்கும் நடுவில்
என் கிளினிக்.
சுவருக்கு அந்தப்பக்கம் கிளிகள்.
யார் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாலும்
முதலில் அவை கத்துவதுதான் கேட்கும்.

எண் இருபத்தாறு.
யுகேந்திரன், பதினேழு, பாலிடெக்னிக் முதலாமாண்டு.
"வயித்து வலி டாக்டர்" என்றார் அவன் அம்மா.
"எத்தனை நாளா?"
"மூணு வாரமா. திங்கட்கிழமைன்னா கூடுது"
என்றார் அவன் அம்மா.
"பசிக்குதா?"
அதற்கும் அவரே.
அவன் தன் காலணி நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.

வயிற்றை அழுத்தினேன்.
கல்லீரல் தன் இடத்தில், மண்ணீரல் தன் இடத்தில்.
மெத்தென்று இருந்த வயிறு
அம்மா பேசத் தொடங்கியதும் பலகையானது.
பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயரில்லை.

"கொஞ்சம் வெளியில இருக்கீங்களாம்மா?"
பதினோரு வருடமாகச் சொல்லும் வாக்கியம்.
இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை.
கைப்பையை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
கதவு மூடியது.
கதவுக்குக் கீழே விரலளவு இடைவெளி.
அதில் இரண்டு செருப்புகளின் நிழல்
நகராமல் நின்றது.

கணினி கேள்விகளை வரிசையாக நீட்டியது.
வீட்டில்? ஓகே டாக்டர்.
படிப்பு? ஓகே.
தூக்கம்? ஓகே, ஓகே.
வேப்? ஒரு தலையாட்டல்,
ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பொருந்துகிற மாதிரி.
நாலே நிமிடத்தில்
தீவிலேயே ஆரோக்கியமான ஓர் இளைஞன்
என் திரையில் உருவாகிவிட்டான்.
அமிலத்துக்கு மாத்திரை எழுதினேன்.
ஒருநாள் விடுப்புக்குச் சான்று எழுதினேன்.

எழுந்தான். பையை மாட்டினான்.
கதவுப்பிடியில் கை வைத்தான்.

வருகிறவர்களின் நோய் கடைசிவரை
அந்தப் பிடியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.
தெரிந்தும் நான் நாற்காலியைப் பார்த்தே
பேசிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பாமல் கேட்டான்:
"ரசீதுல என்ன போடுவீங்க?"

"ரசீதுலயா?"

"அம்மாதான காசு கட்டுவாங்க."

"ஆலோசனைன்னு போடுவேன். அவ்வளவுதான்.
நீ சொல்றது இந்த ரூமுக்குள்ள இருக்கும்.
உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா
வாயத் திறப்பேன்.
அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான்."

யாருமே படிக்காத கைப்பேசி ஒப்பந்தத்தை
முதல்முறையாக ஒருவன் படிப்பதுபோல
அதை வரிவரியாக யோசித்தான்.
பிறகு
பையைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
கவிதையும் ஒரு ரசீதுதான்,
யார் கைக்கும் போய்ச் சேரும்.
பத்தொன்பது நிமிடம் என்று சொல்லலாம்.
நடுவில் கிளிகள் கத்தின,
அதற்கு அவன் சிரித்தான் என்று சொல்லலாம்.
நான் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.
ஒரு தாளில் ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண்,
அடுத்த வியாழன் நாலரை.
வெளியே இருபத்தேழாம் எண்காரர்
எனக்குக் கேட்கவேண்டும் என்றே இருமினார்,
இரண்டு முறை.

கதவைத் திறந்தபோது செருப்பு நிழல் இல்லை.
எப்போதோ நகர்ந்துபோயிருந்த அம்மா
எடைபார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில்,
ஏறாமல், நின்றிருந்தார்.

ஹயாத்தி ரசீதை நீட்டினாள்.
படித்தார்.
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். வெறும் தாள்.
"கேஸ்ட்ரிக்தான டாக்டர்?"
"வியாழக்கிழமை மறுபடி பார்க்கணும்" என்றேன்.
அது பதிலில்லை என்பது
எங்கள் மூவருக்கும் தெரிந்தது.
ஹயாத்திக்கும்கூட,
தமிழ் தெரியாதவள் சட்டென்று
மருந்துப் பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

ரசீதை நாலாக மடித்தார்.
பணப்பையில், நாணயங்களுக்குப் பின்னால் வைத்தார்.
"எத்தனை மணிக்கு?"
"நாலரை."

"அன்னைக்கு நான் உள்ள வரல.
எதிர்த்தாப்ல கோப்பிக்கடையில இருக்கேன்" என்றார்,
அவனுக்கா எனக்கா என்று தெரியாமல்,
கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளியபடி.

"இருபத்தேழு!"
உள்ளே வந்தவருக்கு
இருமல் அதற்குள் நின்றுபோயிருந்தது.